பிக்கப்பில் சக்கரச் சத்தமும் பிரேக் கோளாறும்: அறிகுறியிலிருந்து பாகம் வரை

ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா, ரேஞ்சர் என்று எந்த ஃபோர் வீல் பிக்கப்பை எடுத்தாலும் பினாங்கில் அதற்கு வேலை அதிகம். பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்துச் செம்மண் ஏற்றம், தெலுக் கும்பார் கரையோர உப்புக் காற்று, அடை மழையில் முழங்கால் வரை ஏறும் வெள்ளம், பாலத்தில் முழுச் சுமையோடு ஓட்டம், எல்லாவற்றையும் தாங்குவது சக்கரம் பூட்டும் அந்த நான்கு ஹப்புகள்தான்.

சத்தம் கேட்டதும் பேரிங், நடுங்கினால் டிஸ்க் என்று முடிவு கட்டி நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகிறவர்கள் நிறைய. பாகத்தை மாற்றியும் சத்தம் அப்படியே இருக்கும், காசுதான் போயிருக்கும். சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கும் அதை நிறுத்தும் பிரேக்கும் ஒரே ஹப்பில் உட்கார்ந்திருப்பவை, அதனால் ஒன்றின் கோளாறு மற்றதின் அறிகுறியாக வெளியே தெரியும். எந்தச் சக்கரம், எந்தப் பாகம் என்று சோதித்து உறுதி செய்யாமல் ஒரு வெள்ளிகூடச் செலவு செய்யாதீர்கள். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

வண்டியைத் தூக்கும் முன்

இந்த வண்டிகள் இரண்டு டன்னை நெருங்கும் எடை. ஜேக் தூக்குவதற்கு மட்டும். தூக்கியதும் சேஸியின் கீழ் ஜேக் ஸ்டாண்ட் வைக்காமல் கையைக்கூட உள்ளே விடக் கூடாது. நம் வீட்டு போர்ச்சுகள் பெரும்பாலும் டைல்ஸ் போட்டவை. ஸ்டாண்டின் நான்கு கால்களும் டைல்ஸில் நேரடியாக உட்கார்ந்தால் டைல்ஸ் உடையும், ஈரமாக இருந்தால் வழுக்கவும் செய்யும். தடித்த பிளைவுட் பலகை ஒன்றை அடியில் போடுங்கள். தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பின் சக்கரத்தைச் சோதிக்க ஹேண்ட்பிரேக்கை விட்டாக வேண்டும் என்பதால், முன் சக்கரத்துக் கட்டைதான் அப்போது வண்டியைப் பிடித்து நிறுத்தும்.

சக்கர நட்டைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள். ஹைலக்ஸுக்கு 21 மில்லிமீட்டர் சாக்கெட். நட்டைச் சரியான அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம், இரவல் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: வேகம் ஏற ஏற 'ஊம்' என்ற முனகல்

பினாங்குப் பாலத்தில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு, ரேடியோவை அணைத்துக் கேளுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் சுற்று மாறும்போது சத்தமும் மாறினால் அது சக்கரத்தில் இல்லை. எஞ்சின் சுற்று மாறியும் சத்தம் அப்படியே இருந்து, வண்டியின் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் தேட வேண்டிய இடங்கள் நான்கு: டயர், பேரிங், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் (பின்னச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) நடு பேரிங், டிஃபரன்ஷியல் (அச்சின் நடுவில் சுழற்சியை இரு சக்கரத்துக்கும் பிரிக்கும் கியர்).

ஆக்சிலேட்டரை அமுக்கினால் ஒரு தொனி, விட்டால் வேறு தொனி என்றால் டிஃபரன்ஷியலைச் சந்தேகியுங்கள். சத்தம் இரண்டு சீட்டுக்கும் நடுவே, தரைக்கு அடியிலிருந்து வந்தால் நடு பேரிங்கைப் பாருங்கள். நீளமான ஃபோர் வீல்களில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். இரண்டும் சேரும் இடத்தில் ரப்பர் சூழ்ந்த பேரிங் ஒன்று தொங்கும், அந்த ரப்பர் கிழிவது சாதாரணம்.

டயரா பேரிங்கா என்பதுதான் பலரைத் திணறடிக்கும் கேள்வி. ரோட்டின் மேற்பரப்பு மாறும்போது, கரடான தாரிலிருந்து புதுத் தாருக்குப் போகும்போது, சத்தம் வெகுவாக மாறினால் டயராக இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த் திசையில் பல்பல்லாகத் தட்டுகிறது என்றால் டயர் சமமில்லாமல் தேய்ந்திருக்கிறது. முன்னும் பின்னும் டயர்களை இடம் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால், சத்தமும் இடம் மாறினால், விஷயம் முடிந்தது. மண்ரோட்டு டயர் போட்டவர்கள் இந்தச் சோதனையைச் செய்யாமல் பேரிங் வாங்கவே கூடாது.

பேரிங் என்றால் வளைவில் காட்டிக்கொடுக்கும். வலது பக்கம் நீண்ட வளைவு எடுக்கும்போது வண்டியின் பாரம் இடது சக்கரங்களுக்குப் போகும். அப்போது முனகல் கூடினால் இடது பக்க பேரிங், இடப்பக்க வளைவில் கூடினால் வலது. இது எப்போதும் தவறாத விதி அல்ல, அதனால் தூக்கிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி, ஒரு கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, மற்றக் கையின் விரல்களைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் சுருளில் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டுப்போனது என்றால் உள்ளே மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். காதுக்குக் கேட்காத தேய்மானம்கூட இதில் அகப்படும். மறுபக்கச் சக்கரத்திலும் இதையே செய்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: தூக்கிய சக்கரம் ஆடுகிறது

சக்கரத்தை மேலும் கீழும், அதாவது கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்காகவும் இருக்கலாம், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயிண்ட்டாகவும் இருக்கலாம். இப்போது வேறொருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை அமுக்கச் சொல்லுங்கள். அமுக்கியதும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங். அப்படியும் ஆடினால் பால் ஜாயிண்ட். 9, 3 இடத்தில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீரிங்கோடு சேர்ந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட் பக்கம் போங்கள்.

பழைய இரு சக்கர இழுவை (2WD) வண்டிகள் சிலவற்றில் முன்னால் கூம்பு உருளை பேரிங் இரண்டு இருக்கும். அவற்றில் லேசான ஆட்டம் வந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, உருளைகளிலும் ஓடுபாதையிலும் பொத்தல், நீலநிறம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் புது கிரீஸை உருளைகளுக்கு இடையே அழுத்தி நிரப்பி, புது சீல் போட்டு, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உட்காரவைத்து, பிறகு தளர்த்தி, மேனுவல் சொல்லும் அளவுக்கு மட்டும் மறுபடி இறுக்குங்கள். நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னை மறுபடி பயன்படுத்தாதீர்கள். சில காசுகளுக்குக் கிடைக்கும் பொருள் அது.

முன் ஹப் பேரிங்கை மாற்றுவது

நான்கு சக்கர இழுவை வண்டிகளில் முன் பேரிங் பெரும்பாலும் ஹப்போடு சேர்ந்தது. பின்பக்கமிருந்து நக்கிளில் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பாகம்) போல்ட் போட்டுப் பிடித்திருக்கும். டிரைவ் ஷாஃப்ட் நட்டை, சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை அமுக்கிக்கொண்டிருக்க, நீண்ட கம்பி கொண்டு தளர்த்துங்கள். அப்புறம் தூக்கி, சக்கரம், டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர், டிஸ்க் என்று வரிசையாகக் கழற்றுங்கள். கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஸ்பிரிங்கில் கம்பி போட்டுக் கட்டுங்கள். சக்கர வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சாரை முதலில் கழற்றி ஓரமாக ஒதுக்கிவையுங்கள், சுத்தியல் ஓங்கும் இடத்தில் அது இருக்கக் கூடாது.

வெள்ளத்தில் ஓடிய வண்டியில் ஹப் நக்கிளோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஊடுருவும் எண்ணெயை முந்தின இரவே அடித்துவிட்டால் மறுநாள் பாதி வேலை மிச்சம். போல்ட்டை முழுவதும் கழற்றாமல், சில சுற்று விட்டு, அதன் தலையில் பித்தளைக் கட்டையை வைத்து மாறி மாறித் தட்டுங்கள். ஒரே பக்கம் தட்டினால் கோணலாகி இன்னும் இறுகும்.

ஹப்போடு முழுதாக வாங்கினால் பொருத்துவது எளிது. பேரிங்கை மட்டும் வாங்கினால் அழுத்து இயந்திரம் வேண்டும். இங்கே ஒரு விதி இருக்கிறது, இதைத் தெரியாமல் நாசமாகும் புது பேரிங்குகள் ஏராளம். எந்த வளையம் இறுக்கமாகப் போய் உட்கார வேண்டுமோ அந்த வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். நக்கிளுக்குள் போகும்போது வெளி வளையத்தை, ஹப்பின் தண்டை உள்ளே விடும்போது உள் வளையத்தைத் தாங்கிப் பிடித்து. மாற்றி அழுத்தினால் பாரம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், ஓடுபாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். வண்டி வெளியே வந்த அன்றே முனகத் தொடங்கும், குற்றம் பேரிங்கின் மேல் விழும். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே கதைதான்.

டிரைவ் ஷாஃப்ட் நட்டை டார்க் ரெஞ்ச் கொண்டு மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கும் வரை வண்டியைத் தரையில் உருட்டாதீர்கள். அந்த நட்டின் இறுக்கம்தான் பல ஹப்புகளில் பேரிங்கைச் சேர்த்துப் பிடிக்கிறது. சக்கரத்தைக் கீழே விட்டால்தான் நட்டை இறுக்க முடியும் என்றால் இறக்குங்கள், ஆனால் ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.

பேரிங் கெட்ட பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். டிஸ்க்கில் உரசும் பேடும், டிஸ்க்கும், டிரம்முக்குள் உரசும் ஷூவும் அப்படி அல்ல, எப்போதும் இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கடையில் வாங்கும்போது கிரானில் (வண்டியின் உரிமைச் சான்றிதழ்) உள்ள சேஸி எண்ணைக் கொடுங்கள். ஒரே வருடத்து ஹைலக்ஸில்கூட ஏபிஎஸ் உள்ளதற்கும் இல்லாததற்கும் பாகம் வேறுபடும். கோயோ, என்எஸ்கே, என்டிஎன் என்று பிராண்டு பெயர் போட்ட பெட்டியில் போலி பேரிங்குகள் வருகின்றன. விலை பாதியாக இருந்தால், வளையத்தில் பொறித்த எழுத்து மங்கலாக இருந்தால், வாங்காமல் வந்துவிடுங்கள். வெட்டிய பழைய வண்டிகளின் பாகம் விற்கும் ஹாஃப்-கட் கடையில் கேலிப்பர், நக்கிள் வாங்குவதில் தவறில்லை. பழைய பேரிங் மட்டும் வேண்டாம்.

அறிகுறி: பின் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய், நாற்றம், பிரேக் பிடிப்பு குறைவு

விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நாற்றம் அடித்தால் கியர் ஆயில், அதாவது ஷாஃப்ட் சீல் போய்விட்டது. நாற்றம் அதிகமில்லாமல் தண்ணீர் போல மெல்லியதாக இருந்து, டிரம்முக்குள் வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கினால் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயில்.

கியர் ஆயில் என்றால் சீலை மாற்றுவதற்கு முன் டிஃபரன்ஷியலின் மேலே உள்ள பிரீதரைப் பாருங்கள். சின்ன மூடிதான். மண் அடைத்துக்கொண்டால், ஓடும்போது சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். தோட்டத்து வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் சில மாதங்களில் மறுபடி கசியும்.

எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்து, உரசி, காயவைத்துப் போடாதீர்கள். சூடேறும்போது உள்ளே ஊறியது வெளியே வரும், ஒரு சக்கரம் மட்டும் பிடிக்காமல் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். இரண்டு பக்க ஷூவும் புதிதாகப் போடுங்கள்.

ஹைலக்ஸ் போன்ற வண்டிகளின் பின் பேரிங் ஷாஃப்ட்டிலேயே அழுத்தி ஏற்றியது. பிரேக் பைப், ஹேண்ட்பிரேக் கேபிள், பின்தட்டின் நான்கு நட்டு என்று கழற்றிவிட்டால் ஷாஃப்ட் முழுதாக வெளியே வரும். அதற்கு மேல் வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிடிமான வளையத்தைக் கழற்றி ஏற்றுவதற்குப் பெரிய அழுத்து இயந்திரம் தேவை. பிறையிலோ புக்கிட் மெர்தாஜாமிலோ அந்த இயந்திரம் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு ஷாஃப்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பேரிங்கையும் வளையத்தையும் கொடுத்து ஏற்றி வாங்கி வாருங்கள். கழற்றுவதும் பூட்டுவதும் உங்கள் கையில் இருந்தால் கூலியில் பெரும்பகுதி மிச்சம்தான்.

டிரம் வெளியே வர மறுத்தால் அதன் முகத்தில் உள்ள இரண்டு மரையுள்ள துளைகளைப் பாருங்கள். அவற்றில் 8 மில்லிமீட்டர் போல்ட்டைப் போட்டு மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளப்படும். உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகவே துடையுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் எது எங்கே என்று சந்தேகம் வந்தால் எதிர்ப்பக்கம் முழுதாக இருக்கும்.

அறிகுறி: பிரேக் பிடித்தால் நடுங்குகிறது

ஸ்டீரிங்கில் நடுக்கம் வந்தால் முன்பக்கம். இருக்கையில் வந்தால் பின்பக்கம். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. டிஸ்க்கின் தடிப்பு ஓரிடத்துக்கு ஓரிடம் மிக நுண்ணிய அளவில் வேறுபட்டுவிடுகிறது. அதற்குக் காரணம் பல சமயம் டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் உள்ள துரு. டிஸ்க் துளிக் கோணலாக உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசி, நாளடைவில் ஒரு பகுதி மட்டும் தேய்கிறது. தேய்ந்த பேரிங்கும் இதையே செய்யும். அதனால் நடுக்கத்துக்கு டிஸ்க் மாற்றப் போகிறவர்கள் முதலில் மேலே சொன்ன ஆட்டச் சோதனையைச் செய்யுங்கள். பேரிங்கை விட்டுவிட்டு டிஸ்க்கை மட்டும் மாற்றினால் நடுக்கம் திரும்பி வரும்.

புது டிஸ்க் போடும் முன் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ் கொண்டு உலோகம் மின்னும் வரை தேயுங்கள். புது டிஸ்க்கில் உள்ள பாதுகாப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடையுங்கள். பழைய டிஸ்க்கைத் தக்கவைப்பதா என்பதை அதிலேயே பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிப்பு சொல்லும். சக்கர நட்டை இம்பாக்ட் கன்னால் கண்டபடி இறுக்குவதும் நடுக்கத்துக்கு வழி. எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

அறிகுறி: ஒரு பக்கம் இழுக்கிறது, ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது

சற்று தூரம் ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் இடது வலது டிஸ்க்குகளை அளந்து ஒப்பிடுங்கள். பெரிய வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேலிப்பரைக் கழற்றிப் பாருங்கள். உள் பேடும் வெளிப் பேடும் சமமாகத் தேயாமல் இருந்தால், கேலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின் சிக்கியிருக்கிறது. சுத்தம் செய்து, ரப்பரைக் கெடுக்காத சிலிகோன் கிரீஸ் போடுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி சிக்கவைக்கும்.

ஸ்லைடு பின் நன்றாக ஓடினால், சக்கரம் இறுகியிருக்கும்போதே காற்று எடுக்கும் பிளீடர் திருகைத் திறந்து பாருங்கள். ஆயில் சீறி வந்து சக்கரம் உடனே விடுபட்டால் அழுத்தம் உள்ளே மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். விடுபடாவிட்டால் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. நீண்ட நாள் சூடான ஹப்பில் பேரிங் கிரீஸும் வெந்துபோயிருக்கும், அதையும் சுற்றிப் பாருங்கள்.

அறிகுறி: பெடல் கீழே போகிறது

இங்கே அவசரம் வேண்டாம், எப்படிப் போகிறது என்று கவனியுங்கள்.

முதல் மிதியில் கீழே, உடனே இரண்டாம் மிதியில் மேலே வந்தால்: பின் ஷூ தளர்ந்திருக்கிறது, அல்லது முன் பேரிங் ஆடுகிறது. ஆடும் ஹப், டிஸ்க்கைச் சாய்த்து, பேடையும் பிஸ்டனையும் உள்ளே தள்ளிவிடும். அதனால்தான் முதல் மிதி வீணாகிறது. பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் பம்ப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெடலை அமுக்கிப் பிடித்திருக்கும்போது மெதுவாக இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் பம்ப்பின் உள் ரப்பர் போய்விட்டது. வண்டியை ஓட்டாதீர்கள்.

பெடல் கல்லாக இறுகி, பிடிப்பு இல்லையென்றால், மிதிக்கும் விசையைக் கூட்டும் பூஸ்டரில் கோளாறு. எஞ்சினை அணைத்துச் சில முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்று இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வேக்குவம் ஹோஸையும், டீசல் வண்டியில் வேக்குவம் பம்ப்பையும் பாருங்கள்.

சாதாரண ரோட்டில் நன்றாக இருந்து, பாலிக் புலாவ் மலைச்சாலையான ஜாலான் துன் சார்டனில் சுமையோடு இறங்கும்போது மட்டும் பெடல் பஞ்சு போலானால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. புது டாட் 3 (DOT 3) தர பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் நீர் ஏறியதும் அந்தத் தரம் கேட்பது 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, நீரேறினால் 155. கொதித்தால் பைப்பில் நீராவி, நீராவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். ஓரமாக நிறுத்தி ஆறவிட்டால் பெடல் திரும்பி வரும், அதனால் பலர் சரியாகிவிட்டது என்று மறுபடி கிளம்புகிறார்கள். ஆயிலை முழுதாக மாற்றும்வரை அந்த மலையில் இறங்க வேண்டாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. இறக்கத்தில் பெடல் கெட்டியாகவே இருந்து பிடிப்பு மட்டும் குறைந்தால் அது வேறு: பேடு அளவுக்கு மேல் சூடேறியிருக்கிறது. கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறங்குங்கள்.

ஆயில் மாற்றும்போது பிரேக் பைப்பில் புகுந்த காற்றை எடுக்கும் வேலை இரண்டு பேர் வேலை. வலப்பக்க ஸ்டீரிங் வண்டியில் வழக்கமான வரிசை பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சுமை உணரும் வால்வு உள்ள வண்டியில் அதற்கும் தனி பிளீடர் இருக்கலாம். உள்ளே இருப்பவரோடு பேச்சு தெளிவாக இருக்க வேண்டும்.

"அமுக்கு தம்பி."

"அமுக்கிட்டேன்ண்ணே."

"அப்படியே பிடி, நான் சொல்ற வரைக்கும் விட்டுடாதே."

திருகைத் திறந்து, குழாயில் குமிழி போவதைப் பார்த்து, மூடிய பிறகுதான் "இப்ப விடு." மூடும் முன் அவர் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பாவில் ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்குக் கீழே போகாமல் அடிக்கடி ஊற்றுங்கள். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் உரியும்.

பேடு மாற்றியவர்கள், வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் திரும்பி வராமல் முதல் மிதி வெறும் தரைக்குத்தான் போகும், வீட்டு கேட்டில் மோதுவது இப்படித்தான். அப்புறம் வெறிச்சோடிய ரோட்டில் 60 கிலோமீட்டரிலிருந்து முழுதாக நிறுத்தாமல் மிதமாகப் பலமுறை வேகம் குறைத்து, இடையிடையே ஆறவிட்டு, பேடைப் பழக்குங்கள். அதன் பிறகுதான் சுமையும் மலையும்.

அறிகுறி: எல்லாம் முடிந்த பிறகு ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

சென்சார் பிளக் சரியாக மாட்டவில்லை, அல்லது சென்சார் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறது. இரண்டும் சரியென்றால் பேரிங்கையே பாருங்கள். பல புது பேரிங்குகளில் காந்த வளையம் ஒரு பக்கச் சீலில் பதிந்திருக்கும். அந்தப் பக்கம் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் விளக்கு அணையாது, கழற்றி எடுத்தால் பேரிங்கும் பெரும்பாலும் வீணாகும். அதனால் அழுத்தும் முன்பே ஒரு பேப்பர் கிளிப்பை இரண்டு முகத்திலும் மெதுவாக வைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக இழுக்கிறதோ அது சென்சார் பக்கம். காந்தமேறிய ஸ்குருட்ரைவரை அந்த முகத்தின் அருகே கொண்டுபோகாதீர்கள்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். பழைய பிரேக் ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், எஞ்சின் ஆயிலோடு கலக்காமல், தனிப் புட்டியில் அடைத்து, கழிவு எண்ணெய் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.